ஏசி டெக்னீசியனாகப் போனேன், ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள்

துபாயிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 31, டெல்டா மாவட்டத்துக்காரர். ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் படித்து, ஊரில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் அங்கே ஒரு பராமரிப்பு கம்பெனியில் ஏசி டெக்னீசியனாகச் சேர்ந்திருக்கிறார். அடிப்படைச் சம்பளம் 1,200 திர்ஹாம், சாப்பாட்டுக்கு 300, தங்குவது கம்பெனி கேம்ப்பில். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மாதம் 40 மணி நேரத்துக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தது.

14 மாதம் ஒழுங்காகப் போனது. ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போனதும் மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து ஸ்டோரை நீ பார், உனக்குத்தான் சாமான் தெரியும்" என்று சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்குத்தான் என்று இவர் நினைத்தார். இந்தக் கடிதம் எழுதிய அன்று 38 நாள் ஆகியிருந்தது. சம்பளம் ஏறவில்லை, ஓ.டி. நின்றுவிட்டது, "இப்போ நீ ஸ்டாஃப், ஸ்டாஃபுக்கு ஓ.டி. கிடையாது" என்கிறார்கள். போன வாரம் பி.ஆர்.ஓ. (கம்பெனியின் விசா, அரசாங்கத் தாள் வேலைகளைப் பார்ப்பவர்) இரண்டு தாள்களோடு வந்து கையெழுத்துக் கேட்டிருக்கிறார். ஒன்று வேலை மாற்றத்துக்கு ஒப்புதல், இன்னொன்று ஸ்டோர் சரக்கை முழுவதுமாகப் பெற்றுக்கொண்டேன் என்கிற தாள். இன்னும் போடவில்லை.

அறையில் ஆளுக்கு ஒரு யோசனை. லேபர் கார்டில் (வேலை அனுமதி அட்டை) டெக்னீசியன் என்று இருக்கும்போது ஸ்டோரில் பிடிபட்டால் ஜெயில்தான் என்கிறார் ஒருவர். பத்து நாள் வேலைக்குப் போகாதே, தானாக வழிக்கு வருவார்கள் என்கிறார் இன்னொருவர். பக்கத்து அமீரகமான அஜ்மானில் கையில் 2,000 திர்ஹாம் தருகிறார்கள், வா போகலாம் என்று மூன்றாமவர். "மேடம், அவுட்டோர் யூனிட் மேல உள்ளங்கைய வச்சாலே கம்ப்ரசர் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். இப்ப அந்தக் கையில பேனாவப் பிடிச்சுக்கிட்டு பைப் எண்ணிக்கிட்டு இருக்கேன். மறுக்கவா, பொறுத்துக்கவா, ஊருக்கே வந்துடவா?" இதுதான் கேள்வி.

தம்பி, முதலில் ஒன்று. அந்த இரண்டு தாள்களிலும் இன்னும் கையெழுத்துப் போடாமல் இருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கும் பலம். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் வழக்குகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, விமானமும் ஏறி இறங்கிவிட்டு வருகிறவர்கள். நீங்கள் அதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டீர்கள். ஆகவே நிறையச் செய்யலாம்.

உங்கள் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியுமா?

ஐக்கிய அரபு அமீரகத்தில் இப்போது நடப்பில் இருப்பது 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. அதன் 12ஆவது பிரிவு உங்கள் விஷயத்தைத்தான் பேசுகிறது. ஒப்பந்தத்தில் உள்ள வேலைக்கு அடிப்படையிலேயே வேறுபட்ட வேலையை ஒருவருக்குக் கொடுப்பதென்றால், விபத்தைத் தடுக்கவோ நேர்ந்த சேதத்தைச் சரிசெய்யவோ அவசியம் வந்திருக்க வேண்டும், அதுவும் தற்காலிகமாகத்தான் கொடுக்கலாம். சட்டத்தின் விதிமுறைகள் அதற்கு ஆண்டுக்கு 90 நாள் என்று உச்ச வரம்பும் வைத்திருக்கின்றன. மற்றபடி மாற்ற வேண்டுமானால் தொழிலாளி எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.

ஸ்ப்ளிட் ஏசி பார்த்தவரை, பெரிய கட்டடங்களைக் குளிரூட்டும் சில்லர் பக்கம் அனுப்பியிருந்தால் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது கஷ்டம், தொழில் ஒன்றுதானே என்பார்கள். டெக்னீசியனை ஸ்டோர்கீப்பர் ஆக்குவது அப்படியில்லை. ஸ்டோர் ஆள் ஊருக்குப் போனது விபத்தும் இல்லை, சேதமும் இல்லை. என் பார்வையில் உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இதை நிரந்தரமாக்க அவர்களுக்கு வழி கிடையாது. பி.ஆர்.ஓ. அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு கேம்ப் வரைக்கும் வந்த காரணமும் அதுதான். "சும்மா ஃபார்மாலிட்டி" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சும்மா என்றால் அவர் ஏன் இரண்டு தடவை வர வேண்டும்?

அதற்காக நாளைக்கே தாளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கேளுங்கள் என்கிறேன். என்ன கேட்பது என்று பின்னால் சொல்கிறேன். அதற்குள் அறையில் சொன்ன மூன்று யோசனைகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் மூன்றுமே ஆபத்தானவை.

அறையில் சொன்னவை

ஜெயில் பயத்தை விடுங்கள். பர்மிட் இல்லாமல் வேறு கம்பெனியில் வேலை பார்ப்பது ஒன்று, விசா கொடுத்த கம்பெனியிலேயே மேனேஜர் சொன்ன வேறு வேலையைப் பார்ப்பது வேறொன்று. இரண்டாவதில் பதிவேட்டைத் திருத்த வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது. ஆனாலும் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைக்காதீர்கள். நாளைக்கு ரேக்கிலிருந்து ஒரு கம்ப்ரசர் காலில் விழுந்தது என்று வையுங்கள், "டெக்னீசியனுக்கு ஸ்டோரில் என்ன வேலை" என்கிற கேள்வி அப்போதுதான் வரும். வரக்கூடாத நேரத்தில் வரும்.

பத்து நாள் போகாமல் இருப்பது, தம்பி, கையில் இருக்கிற வழக்கை நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பது மாதிரி. சரியான காரணம் இல்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வராவிட்டால் நோட்டீஸ் இல்லாமல் நீக்கலாம் என்று 44ஆவது பிரிவே சொல்கிறது. ஓடிப்போனதாகப் பதிவு செய்துவிட்டால் ஓராண்டுக்கு அந்த நாட்டில் வேறு வேலை அனுமதியும் கிடைக்காது. இதுவரை தப்பு முழுக்க அவர்கள் பக்கம், எட்டாவது நாள் அது உங்கள் பக்கம் வந்துவிடும். தினமும் கார்டு பஞ்ச் செய்து உள்ளே போங்கள். வாயால் மறுக்காதீர்கள், கோபித்துக்கொண்டு அறையில் படுத்துக்கொள்ளாதீர்கள், எதுவாக இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள்.

அஜ்மான் யோசனை மூன்றிலும் மோசம். 2024 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தி, பர்மிட் இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் திர்ஹாமிலிருந்து 10 லட்சம் வரை அபராதம் என்று ஏற்றிவிட்டார்கள். அவ்வளவு அபராதத்துக்குத் துணிந்தவன் உங்களுக்கு மாதச் சம்பளத்தை நேர்மையாகக் கொடுப்பான் என்று எந்த நம்பிக்கையில் போவது? கொடுக்காவிட்டால் எந்த ஆபீசில் போய்ச் சொல்வது? அவர் நல்ல மனதோடுதான் கூப்பிட்டிருப்பார். போகாதீர்கள்.

ஸ்டாஃப் என்றால் ஓ.டி. இல்லையா?

இதில்தான் உங்களை நன்றாக ஏமாற்றுகிறார்கள், நீங்களும் நம்பியிருக்கிறீர்கள். ஸ்டாஃப் என்ற வார்த்தைக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. வேலை நேர வரம்பிலிருந்து விலக்கு பெறுகிறவர்கள் இயக்குநர் குழு ஆட்கள், முதலாளியின் அதிகாரத்தோடு மேற்பார்வை செய்கிறவர்கள் போன்ற சிலர்தான். ஸ்டோர் சாவி கையில் இருக்கிறது என்பதற்காக ஒருவர் முதலாளி அதிகாரம் பெற்றவர் ஆகிவிட மாட்டார். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் பார்த்தால் அடிப்படைச் சம்பளக் கணக்கில் 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் அதிகாலை 4 வரை என்றால் 50 சதவீதம். ராத்திரி ஒன்பது மணிக்கு லாரி வந்து காப்பர் பைப் இறக்கினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் ஓ.டி.தான். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, டெலிவரி நோட் எண் என்ன என்று உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். டெலிவரி நோட்டில் சப்ளையர் போட்ட நேரத்தை யாரும் மறுக்க முடியாது. டெக்னீசியனாக இருந்தபோதுகூட உங்களிடம் இவ்வளவு நல்ல ஆதாரம் இருந்திருக்காது.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓ.டி. செய்யாத மாதத்துக்கு ஓ.டி. பணம் கேட்க முடியாது. முன்பு 40 மணி நேரம் வந்தது, இப்போது வேலையே ஆறு மணிக்கு முடிகிறது என்றால் அந்த இழப்பைச் சட்டத்தைக் காட்டி வாங்க முடியாது, பேசித்தான் வாங்க வேண்டும்.

பேசுவதற்கு முன் கணக்கு. 1,200ஐ 30ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 40, 8ஆல் வகுத்தால் மணிக்கு 5 திர்ஹாம். 25 சதவீதம் சேர்த்தால் 6.25. மாதம் 40 மணி நேரத்துக்கு 250 திர்ஹாம். வீட்டுக்குப் போகிற பணத்தில் ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய். உங்கள் மனைவி "ஏன் இந்த மாசம் குறைஞ்சிருக்கு" என்று கேட்டதற்குப் பதில் இந்த 250தான். அதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள், தம்பி. பணம் குறைந்ததைவிட நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்ற எண்ணம்தான் அங்கே அவரை அரித்துக்கொண்டிருக்கும்.

கையெழுத்துக்கு என்ன விலை?

மேனேஜரிடம் இப்படிக் கேளுங்கள்: ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன், அடிப்படைச் சம்பளத்தை 1,450 ஆக்கி, பதவிப் பெயரையும் மாற்றி, தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தத்திலேயே திருத்திக் கொடுங்கள். அவர்கள் உடனே "அலவன்ஸாகத் தருகிறோம்" என்பார்கள். எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். அலவன்ஸ் வேண்டாம், அடிப்படையில் சேருங்கள் என்று நில்லுங்கள். ஓ.டி. கணக்கும், வேலையை விட்டுப் போகும்போது தரும் சர்வீஸ் பணமும் அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் போகின்றன. முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் சர்வீஸ் பணமாக வரும். 1,200 என்றால் ஆண்டுக்கு 840 திர்ஹாம், 1,450 என்றால் 1,015.

250 கிடைக்காமல் 150 கிடைத்தால்? அது உங்கள் முடிவு. குடும்ப நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து டெக்னீசியன் வேலைக்கே திருப்பி அனுப்புவோம் என்று வாயால் சொன்னால், அதையும் தாளில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வாயால் சொன்ன மேனேஜர் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம்.

தாள் ஆங்கிலத்திலும் அரபியிலும் மட்டும் இருக்கிறது, புரியவில்லை என்கிறீர்கள். அமைச்சகத்தின் ஒப்பந்தப் படிவங்களில் மூன்றாவதாகத் தொழிலாளிக்குப் புரியும் மொழியும் சேரும், தமிழும் அந்தப் பட்டியலில் உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம். அமைச்சகத்தின் மோஹ்ரே செயலியில் நுழைந்தால் இப்போதைய ஒப்பந்தம் அப்படியே தெரியும். இன்றைக்கே அதைத் திறந்து பதவிப் பெயரையும் சம்பளத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தாள்தான் பெரிய ஆபத்து

வேலை மாற்றத் தாளைப் பற்றி இரண்டு பக்கம் கவலைப்பட்டு எழுதிய நீங்கள், சரக்குத் தாளைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்த வரிதான். கெப்பாசிட்டர் பதிவேட்டில் 60, ஷெல்ஃபில் 23. முதல் நாளே எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள், கெட்டிக்காரத்தனம். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. "முழுவதுமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடத்தில், காணாமல் போன 37 கெப்பாசிட்டரும் உங்கள் கணக்கில் வந்து உட்காரும். கெப்பாசிட்டர் விலை குறைவு, பரவாயில்லை. கம்ப்ரசர், பி.சி.பி. போர்டு, காப்பர் சுருள், கேஸ் சிலிண்டர் எல்லாம் எண்ணியாகிவிட்டதா?

செய்ய வேண்டியது இதுதான். வேலை குறைவான ஒரு நாளில் சூப்பர்வைசரையோ அக்கவுண்ட்ஸ் ஆளையோ கூட வைத்துக்கொண்டு எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் பதிவேட்டு எண்ணிக்கை, பக்கத்தில் நேரில் இருக்கும் எண்ணிக்கை, அதற்கடுத்து வித்தியாசம். விலை உயர்ந்ததை முதலில் எண்ணுங்கள், ஸ்க்ரூவும் டேப்பும் கடைசியில். ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்து, தேதி. படம் எடுத்து மேனேஜருக்கு மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ "இன்று எண்ணியதில் உள்ள சரக்கு இதுதான், இதற்கு மட்டும் பொறுப்பேற்கிறேன்" என்று அனுப்புங்கள். கூட வந்து எண்ண யாரும் தயாராக இல்லை என்றால், நீங்களே எண்ணி அதையும் எழுதி அனுப்புங்கள். பழைய ஆளின் குறைவை உங்கள் சம்பளத்தில் பிடிக்கப் பார்த்தால் இந்த ஒரு தாள் போதும். எந்தெந்தக் காரணத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று சட்டம் பட்டியலே போட்டிருக்கிறது, உங்கள் தவறால் நேர்ந்த இழப்பாக இருக்க வேண்டும், பல காரணங்கள் சேர்ந்தாலும் பிடித்தம் மொத்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

பேசியும் நடக்கவில்லை என்றால்

பேசிய பிறகும் சம்பளமும் இல்லை, தாளும் இல்லை, பழைய வேலைக்கும் விடவில்லை என்றால் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். 80084 என்ற எண்ணிலோ செயலியிலோ கொடுக்கலாம். 14 நாளுக்குள் சமரசம் பேசுவார்கள். 50,000 திர்ஹாமுக்கு உட்பட்ட கோரிக்கையில் அமைச்சகமே முடிவு சொல்ல முடியும். வழக்கு நீதிமன்றம் போனாலும் 1 லட்சம் திர்ஹாம் வரை தொழிலாளிக்குக் கட்டணம் இல்லை. புகார் கொடுத்தால் நாடு கடத்தி வாழ்நாள் தடை போட்டுவிடுவார்கள் என்று பயந்திருக்கிறீர்கள். நியாயமான புகார் கொடுத்ததற்காக ஒருவரை நீக்கினால் அதைச் சட்டவிரோத நீக்கம் என்கிறது 47ஆவது பிரிவு, மூன்று மாதச் சம்பளம் வரை இழப்பீடு வாங்கலாம். நடைமுறையில் முறைப்பார்கள், நல்ல ஷிப்ட் தர மாட்டார்கள், அது வேறு. அந்தச் சங்கடம் இருக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

சம்மதம் வாங்காமல் வேறு வேலை கொடுத்தால் நோட்டீஸ் இல்லாமலே விலகலாம் என்று 45ஆவது பிரிவில் இருக்கிறது. அதை யாராவது படித்துக் காட்டி "கிளம்பு" என்றால் கிளம்பாதீர்கள். முதலில் புகார் எண் கையில் வரட்டும். இல்லாவிட்டால் நீங்கள் விலகினேன் என்பீர்கள், அவர்கள் ஓடிவிட்டார் என்பார்கள்.

ராஜினாமா செய்தால் சர்வீஸ் பணம் போய்விடும் என்பதும் பழைய கதை. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதியில் விட்டால் வெட்டு விழும், இப்போது அந்த வெட்டு இல்லை. ஒரு வருடம் முடித்தவருக்கு மீதி மாதங்களுக்கும் சேர்த்து வரும், உங்கள் முதல் 14 மாதத்துக்கு மட்டும் 980 திர்ஹாம். ஆனால் வேலை இழப்புக் காப்பீட்டுக்கு மாதம் 5 திர்ஹாம் கட்டுகிறீர்களே, அது ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. ஒழுங்கு நடவடிக்கை இல்லாமல் கம்பெனியே நீக்கினால்தான் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதம். அதனால் கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

தனியாக இருக்கிறோம் என்று தோன்றினால் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையம் 80046342 என்ற இலவச எண்ணில் இருக்கிறது. ஏஜெண்டுக்கு 90,000 ரூபாய் கொடுத்த விஷயம் தனிக் கதை. இந்திய விதிப்படி ஏஜெண்ட் வாங்கலாம் என்பது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பணம் அனுப்பிய ஆதாரத்தை மட்டும் பத்திரமாக வையுங்கள், அதை அப்புறம் பார்ப்போம்.

அந்தக் கடைசி வரி

கடிதத்தின் கடைசியில், எல்லாம் எழுதி முடித்த பிறகு, ஒரு வரி: "ஒன்னு மட்டும் மேடம், இப்பல்லாம் ராத்திரி முட்டி வலிக்காம தூங்குறேன்." அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30இலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே தடை இருக்கிறது. ஆனால் காலை பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட்டைக் கழற்றுகிறவருக்கு வெயில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஏணி ஏறி இறங்கி 31 வயதில் முட்டி போய்விட்டது என்றால், ஸ்டோரை ஒரு தண்டனையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் "குளுகுளுன்னு உக்காந்திருக்கான்" என்று குத்திப் பேசுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். பேசட்டும். அந்த முட்டி வலியோடு ராத்திரி அவர்கள் வந்து தூங்கப் போவதில்லை.

தொழில் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் உங்களுக்கு முன்னால் இருந்தவர் 35 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கேட்டால் 50ஐ எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டெக்னீசியன் அதை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வேனில் போய், திரும்பி வந்து, அதற்குள் கஸ்டமர் கத்தி முடித்திருப்பார். நீங்கள் ரிக்வெஸ்ட் தாளைப் பார்த்ததுமே "இந்த மாடலுக்கு இது சேராதே" என்று சொல்லக்கூடிய ஆள். ஜூன் வருவதற்கு முன்பே எந்த மோட்டார் எத்தனை வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், அது எந்த எக்ஸெல் வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. எக்ஸெல் பயம் இரண்டு வாரத்தில் போய்விடும். வந்தது, போனது, மிச்சம் என்று மூன்று பத்தி, கூட்டல், ஃபில்டர், இது போதும் இப்போதைக்கு. மெயிலுக்கு நாலு ஆங்கில வாக்கியத்தை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். சம்பளம் பேசும்போது இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: மாதத்தில் இரண்டு நாள் சில்லர் டீமோடு போய் வர அனுமதி. கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

ஊருக்கு வந்துவிடவா என்று கேட்டதற்கு என் பதில், இப்போது வேண்டாம். கடன் இன்னும் பாதி இருக்கிறது, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. முதலில் சரக்கை எண்ணுங்கள், பிறகு மேனேஜரிடம் போங்கள், இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பி.ஆர்.ஓ. மறுபடி வந்தால் "படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லி இரண்டு தாள்களையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயரையும் எமிரேட்ஸ் ஐடி எண்ணையும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள், சம்பள வரி மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும்.